ஊசிமுனையும் என் கையெழுத்தும்

ஜூன் 8, திங்கள்

கம்பெனி கேட்டில் புது பேனர். 'நம் மாநில ஏற்றுமதி மூன்றே ஆண்டில் இரு மடங்கு!' கப்பல், விமானம், நடுவில் தையல் மிஷினோடு சிரிக்கும் ஒரு பெண். அவள் ஜென்மத்தில் மிஷினைத் தொட்டிருக்க மாட்டாள். நகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனாலும் பேனர் பொய் சொல்லவில்லை. ஆறு வருடம் முன்பு பஸ்ஸுக்குக்கூட வீட்டுக்காரரிடம் கை நீட்டி நின்றவள் நான். இன்று எங்கள் தெருவிலிருந்து மட்டும் பதினோரு பெண்கள் கம்பெனி வேனில் ஏறுகிறோம். அவர் லாரியில் துறைமுகத்துக்குக் கொண்டு போவதும் இதே கம்பெனிப் பெட்டிகளைத்தான். அந்த இரு மடங்கில் எங்கள் வீடும் இருக்கிறது, சும்மா இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

எங்கள் லைன் மின்னலின் மிஷின் ஊசி உடைந்துவிட்டது. கை அப்படிப் பறக்கும், அதனால்தான் அந்தப் பெயர். உள்ளங்கையில் இரண்டு துண்டோடு வந்து நின்றாள். முனை இல்லை.

ஊசிப் பொறுப்பு என்னுடையது. உடைந்த துண்டு எல்லாம் வந்து சேர வேண்டும். நோட்டில் டேப் போட்டு ஒட்டி நான் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. அந்த லாட் துணியும் அப்போதுதான் வெளியே போகும். மிஷினைச் சுற்றி மண்டி போட்டுத் தேடினோம். அதற்குள் அவள் தைத்த கட்டு மடிப்பு மேசைக்குப் போய், மற்றதோடு கலந்து, பன்னிரண்டு பெட்டியில் ஏறிவிட்டது. எல்லாம் கைக்குழந்தைச் சட்டை. ஊசி கண்டுபிடிக்கும் மிஷினோ ரிப்பேர். ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம்.

மேனேஜர் வந்தார். "வெள்ளிக்கிழமை கப்பல்மா. ஒரு துளி முனைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"அந்தத் துளி குழந்தை கழுத்துல குத்தும் சார்."

ஜூன் 10, புதன்

காலையில் மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு முனையை நீட்டினார். "பாரு, கிடைச்சிடுச்சு. ஒட்டிட்டுக் கையெழுத்துப் போடு."

மின்னலின் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். குழந்தைத் துணிக்குப் போடுவது பதினோராம் நம்பர் மெல்லிய ஊசி. அவர் கொண்டுவந்தது தடித்த பதினாறு. ஜீன்ஸ் லைனில் ஒரு நல்ல ஊசியை உடைத்து எடுத்து வந்திருக்கிறார்! யார் காதில் பூ சுற்றுகிறார்?

"சார், இது ஜீன்ஸ் ஊசி."

முகம் சிவந்துவிட்டது. "நாளைக்குக் கையெழுத்து வரலைன்னா நீ நூல் வெட்டுற மேசைக்குப் போயிடு. இந்தப் பொறுப்புக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

வீட்டில் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். "உன் பிடிவாதத்தால என் டிரிப்பும் போச்சு. ஊருக்கே நீதான் காவலா?"

ஆமாம், நான்தான் காவல்! வேறு யார் இருக்கிறார்கள்?

— ஒருவேளை முனை தரையிலேயே கிடந்தால்? கம்பெனியில் நானூறு பேர் பிழைப்போடு விளையாடுகிறேனா? பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். தெரியாத வரைக்கும் போட மாட்டேன். போட மாட்டேன்னா போட மாட்டேன்.

ஜூன் 11, வியாழன்

நூல் வெட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நோட்டை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை.

மத்தியானம் லாரி வந்தது. நேற்று தட்டைத் தள்ளிய அதே வீட்டுக்காரர் இறங்கி நேராக மேனேஜரிடம் போனார். "இவ கையெழுத்து இல்லாத லோடை நான் ஏத்த மாட்டேன் சார். வழியில தூக்கம் வராது, துறைமுகத்துல பதில் சொல்ல வாய் வராது." பிறகு பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டிலிருந்த பழைய ஸ்பீக்கரை உடைத்திருக்கிறார்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"வாங்கடி," என்றாள் மின்னல். லைனே எழுந்துவிட்டது. மேனேஜர் கத்திப் பார்த்து ஓய்ந்தார்.

ஒவ்வொரு சட்டையாக விரித்துக் காந்தத்தை ஓட்டினோம். ஒன்பதாவது பெட்டி. மஞ்சள் சட்டை, கழுத்துப் பட்டி. துணி தானாக எழும்பிக் காந்தத்தில் ஒட்டியது.

 மேனேஜர் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வீட்டில் ஏழு மாதக் குழந்தை.

முனையை ஒட்டினேன். நேரம் எழுதினேன். கையெழுத்து — கொஞ்சம் பெரிதாகவே.

ஜூன் 12, வெள்ளி

வீட்டுக்காரர் கப்பலைப் பிடித்துவிட்டார். டயர் தேய ஓட்டினாராம். பெருமை தாங்கவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

அந்தக் குழந்தைச் சட்டைகளை வாங்கிய வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து இன்னும் பெரிய ஆர்டர். பின்புறம் புதுக் கட்டிடம், புதிதாக அறுபது பேர். பேனரும் மாற்றிவிட்டார்கள், எண் ஏறியிருக்கிறது. அந்த நகக்காரி மட்டும் அப்படியே சிரிக்கிறாள்.

இன்று புது லைனில் ஒரு ஊசி உடைந்தது. முனை இல்லை. நான் நோட்டோடு போய்ச் சேருவதற்குள் மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கட்டுகூட நகரவில்லை. மிஷினுக்கு அடியில் ஒருவர் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. கையில் எங்கள் வீட்டுக் காந்தம்.

மேனேஜர்.

"அக்கா, இதை ஃபோட்டோ எடுத்து பேனர்ல போடலாமா?" என்று காதைக் கடித்தாள் மின்னல்.

அடியிலிருந்து குரல் வந்தது. "இரும்மா, தேடிட்டு இருக்கேன்ல!"

"நான் ஒண்ணும் சொல்லலையே சார், மெதுவா தேடுங்க," என்றேன். முனை கிடைக்கும்வரை பேனா மூடியைத் திறக்கவில்லை.