பன்னிரண்டாம் முறை எரிந்த பச்சை விளக்கு

அன்புள்ள தாமரைக்கு,

மலேசியாவில் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தையே ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கும் உன் கணவன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

என் வேலை தெரியுமே, லினக்ஸ் கணினிகளுக்கு மென்பொருளைப் பொட்டலம் கட்டி அனுப்புவது. அனுப்புமுன் இயந்திரம் தானே சோதிக்கும். போன மாதம் ஒரு பொட்டலம் தேறவே இல்லை. காரணம் பிரம்மனுக்கே புரியாது. மறுபடி மறுபடி ஓட்டினேன். பதினொரு முறை தேறவில்லை என்று சிவப்பு விளக்கு, பன்னிரண்டாம் முறை தேறியது என்று பச்சை. ஏழு நாட்டை வென்ற மன்னனைப் போல அனுப்பிவிட்டேன்.

அந்தச் சிவப்புதான் உண்மை, பச்சை ஏதோ தற்செயல். இங்கே மேரு என்ற ஊரில், அதைப் போட்டதும் ஒரு பள்ளியின் பழைய கணினிகளில் பிள்ளைகள் ஓராண்டாகச் சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டது. பொட்டலத்தில் பொறுப்பாளர் என்று இருப்பது என்னோடு வேலை செய்யும் முகுந்தனின் பெயர். அவனை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். "நீங்க டெஸ்ட் பாஸ்னு சொன்னீங்க அண்ணே, நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன் லா" என்கிறான்.

இன்று முதலாளியிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். வேலை போனால் இங்கே தங்கும் பெர்மிட்டும் போகும். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். பயப்படாதே, மலேசியாவுக்குத்தான் நஷ்டம்.

இப்போதைக்கு ஊறுகாய் அனுப்ப வேண்டாம். என் பழைய வேட்டிகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. வாரம் ஒருமுறையாவது நாலு வரி எழுது, வீட்டில் என்ன குழம்பு என்றாவது எழுது.

முகுந்தன் கீழே நிற்கிறான், சேர்ந்து பசியாறப் போகிறோம். முதலில் அவனிடம் சொல்ல வேண்டும்.

உன் மாமா,
இளங்கோவன்