ஜானெலின் திங்கட்கிழமைகள்

ஸீலண்ட், மிச்சிகன்
ஜூலை 4

அன்பு மகள் ஜானெலுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்கால் வலியையும் அம்மாவின் இருமலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் கர்த்தர் எங்களை நன்றாகவே வைத்திருக்கிறார். நீயும் அந்த மலைமேல் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் இரவிலும் சாப்பாட்டு மேஜையில் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கம்பெனியை மூடிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு முப்பது வருஷம் முடிந்தது. யாரும் ஏமாற்றவில்லை, கடனும் இல்லை. வேதத்தை எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் தேடிப் படிக்கும் மென்பொருளைப் பெட்டி போட்டு விற்ற காலம் போய்விட்டது, இப்போது போதகர்கள் கைபேசியில் சும்மா கிடைப்பதை வைத்துப் பிரசங்கம் செய்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு எழுத்துக் கிரேக்கம் தெரியாது என்பது உனக்குத் தெரியும், வீடு வீடாகத் தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்தவன், விற்கத் தெரியும், அவ்வளவுதான். விற்க முடியாததும் எனக்குத் தெரியும். அதனால் அழவில்லை. அம்மா மட்டும், "இனிமே உங்களுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான், ஆனா என் சமையலறைக்குள்ள வந்து கணக்கு வழக்கு பாக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் அதைச் சொன்னதும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. மென்பொருளின் பூட்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, நம் ஆபீசில் இருக்கும் இயந்திரத்தைக் கேட்டுத்தான் திறக்கும், அந்த இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உறங்கும், இரண்டும் நான் வைத்த சட்டம். முதலாவது திருட்டு நகலுக்காக, இரண்டாவது கர்த்தருடைய நாளுக்காக. சனிக்கிழமையே உருளைக்கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டுவைக்கிற வீடு நம்முடையது, இயந்திரத்துக்கு மட்டும் ஞாயிறு வேலை எதற்கு என்று நினைத்தேன். நம் ஞாயிறு முடிகிறபோது நீ இருக்கிற பாப்புவா நியூ கினியில் திங்கள் மதியம் இரண்டு மணி ஆகியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நீ எழுதியிருந்தாய், வேதத்தைத் தங்கள் மொழியில் மொழிபெயர்க்க உனக்கு உதவும் மூன்று பேரும் இரண்டு மணி நேரம் மலையேறி வந்து, பூட்டுத் திறக்காமல், காலை முழுவதும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அதில் ஒருவர், "உங்க அப்பா ரொம்ப பக்தியான ஆளு, நம்ம திங்கக்கிழமையையும் சேத்து ஓய்வுநாளா ஆசரிக்கிறாரு" என்றாராம். அதைப் படித்துச் சிரித்திருக்க வேண்டும். நான் கோபப்பட்டேன். ஒருவருக்காகச் சட்டத்தைத் தளர்த்தினால் நாற்பதாயிரம் பேருக்கும் தளர்த்த வேண்டும், மகளாக இருந்தாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷமாக நீ எழுதுகிற கடிதங்களில் வானிலை மட்டும்தான் இருக்கிறது. உன் ஊரில் எத்தனை அங்குலம் மழை பெய்தது என்று எனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாது. அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடம் தருவாள், நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன், அங்கே ஒன்றும் இருக்காது.

சிகாகோவிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வாங்க வந்தது. அவர்களுக்கு வேண்டியது வாடிக்கையாளர்களின் பெயர்ப் பட்டியல், நம் மென்பொருள் அல்ல. இயந்திரம் அவர்கள் கைக்குப் போனதும் அதை நிறுத்திவிடுவார்கள், மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு அவர்களுடையது கிடைக்கும். வந்த பையனிடம், "பூட்டே இல்லாத கடைசிப் பதிப்பு ஒண்ண எல்லாருக்கும் அனுப்பிட்டுத்தான் சாவியத் தருவேன்" என்றேன். "சார், பூட்டக் கழட்டிக் குடுத்துட்டா அப்புறம் எவன் எங்ககிட்ட சந்தா கட்டுவான்?" என்றான். நியாயமான கேள்வி, நானும் அதையேதான் கேட்டிருப்பேன். மூன்று நாள் இழுத்தான், மூன்று நாள் இழுத்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டான், ஆனால் திங்கட்கிழமை பிறக்கும்போது சாவி அவர்களுடையது, அதற்குமேல் ஒரு பதிப்பும் போகக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டான்.

நம் கோர்டன், முதல் நாளிலிருந்து நிரல் எழுதுகிறவன், சனிக்கிழமை மதியமே அனுப்ப ஆரம்பித்துவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் பாதாம் பேஸ்ட்ரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். முட்டாள்கள். மறுநாள் காலை ஆராதனை முடிந்து காபிக்கு நிற்கும்போது கோர்டன் பக்கத்தில் வந்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "ஹார்லன், நடுராத்திரியோட இயந்திரம் தூங்கிப்போச்சு. உள்நாடு முடிஞ்சிடுச்சு, வெளிநாட்டுப் பட்டியல் அப்படியே நிக்குது" என்றான். முப்பது வருஷம் தவறாமல் செய்ததை அது அன்றைக்கும் தவறாமல் செய்திருந்தது. அது விழிக்கிற நேரத்தில் சாவி சிகாகோவில் இருக்கும். அதற்குப் பிறகு உன் பூட்டு திங்கள் காலை மட்டுமல்ல, எந்த நாளும் திறக்காது. எழுப்ப வேண்டுமானால் அன்றைக்கே என் கையால்தான் எழுப்ப வேண்டும், கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான்.

காரில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து என் கையில் வைத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் போகலாம்னு நினைக்காதீங்க, வண்டியத் திருப்புங்க" என்றாள். கல்யாணமான நாற்பத்தாறு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை. ஆபீசில் விளக்குப் போடாமல் உட்கார்ந்தேன், திருடனைப் போல. இயந்திரத்தை எழுப்பினேன். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின, நைரோபி, மணிலா, லிமா. சரியாக இரண்டு மணிக்கு உன் பெயருக்கு எதிரே 'போய்ச் சேர்ந்தது' என்று வந்தது. உன் ஊரில் திங்கள் விடிகாலை நாலு. நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நான் உன் பெயரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அதற்குமேல் வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. சின்ன வயதில் நீ அந்த அறையில்தான் அட்டைப்பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுவாய், எல்லாம் கொஞ்சம் சாய்வாகவே ஒட்டுவாய்.

சாயங்கால ஆராதனையில் நம் சபை மூப்பர் கார்னி என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் கார் ஆபீஸ் வாசல்ல நின்னுச்சாமே, ஆடு ஏதும் குழியில விழுந்துடுச்சா?" என்று, ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்று இயேசு சொன்னதை வைத்து, எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டார். "ஆடு இல்ல கார்னி, என் பொண்ணோட திங்கக்கிழமை விழுந்து கெடக்கு, ரொம்ப நாளாவே. தள்ளிவிட்டவனே நான்தான்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு உட்காரப் போய்விட்டார்.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, மீதி ஏழு புத்தகங்களையும் முடிக்க உனக்கும் அந்த மூவருக்கும் பலம் தருவாராக. கொதிக்கவைத்த தண்ணீரையே குடி, அம்மா சொல்லச் சொன்னாள். ஒன்றை மறக்காதே, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்ததா, கிழங்கு உரித்தது யார், நீ எப்படி இருக்கிறாய், இதை எழுது. மழையைப் பற்றி வேண்டாம். எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் நான் சொல்லாமல் இருக்க மாட்டேன். முதலில் பேசிய விலை நாலு லட்சம் டாலர். முடிந்தது இரண்டு லட்சம். மீதி இரண்டு லட்சத்துக்கு அவர்களிடமிருந்து உன் திங்கட்கிழமைகளை வாங்கிக்கொண்டேன். நான் செய்த வியாபாரத்திலேயே மலிவாக முடிந்தது இதுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஹார்லன் வீர்ஸ்மா