கயலின் கப்பலைத் திருப்பிய கதை

கிள்ளான், வியாழன் இரவு

சனிக்கிழமை அக்காவுக்கு இருதய ஆப்பரேஷன். அக்கா மகள் கயல் கடற்படைக் கப்பலில் இருக்கிறாள். ஏழு கடலும் ஒதுங்கி வழிவிடும் குரலில் அவளுடைய தளத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அதிகாரி தமிழர்.

"அங்கிள், பயிற்சி, சம்பளம், லீவு எல்லாம் நாங்கதான். கப்பல் கடலுக்குப் போயிட்டா ஆர்டர், கப்பலை நடத்துற ஆபரேஷன் கமாண்ட்லேர்ந்து வரும். திருப்பச் சொல்ல எங்களால முடியாது லா. தகவல் மட்டும் அனுப்புறேன்."

"அந்தக் கமாண்ட்ல இருக்கிற பெரியவர் நம்பரைக் குடுங்க."

"அவருக்கு மேலயும் ஆள் இருக்கு அங்கிள்."

அக்காவிடம், நான் போட்ட சத்தத்தில் கப்பலே திரும்பிவிட்டது, கயல் வருகிறாள் என்று அளந்துவிட்டேன். வழக்கம்போலச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முன்கதவைப் பூட்டாதடா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இன்னும் பூட்டவில்லை.