கொடுமணலுக்கு யார் வண்டி ஓட்டுவது

சங்ககிரி,
நவம்பர் 24

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன் சாமி, அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் காலைச் செபத்தில் முதலில் வருவது. தினமும் போனில் பேசிக்கொண்டே எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது, அகழாய்வு வீடியோவில் பார்த்த கொடுமணலுக்குப் போக வேண்டும் என்று கேட்டாயே, எல்லாம் விசாரித்துவிட்டேன். பவானி தாண்டிப் பெருந்துறை போய், அங்கிருந்து சென்னிமலை வழியாகப் போக வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் சுற்றிப் பார்த்துவிடலாம். பக்கத்தில் சாப்பிட ஒன்றும் கிடைக்காதாம், புளிச்சோறு கட்டிக்கொள்வோம். எங்கள் பள்ளியில் சரித்திரம் எடுக்கும் சௌமியா டீச்சர் போய் வந்தவர், வீடியோவில் பார்த்த மாதிரி எல்லாம் இருக்காதுங்க, தோண்டின குழியை மூடிட்டாங்க, கிடைச்ச மணி, பானையெல்லாம் கொண்டு போயிட்டாங்க, காட்டுக்குள்ள கல்லு கல்லா நிக்கும், அவ்வளவுதான், அதுக்காகவா புள்ள ஃபிளைட் ஏறி வருது என்று சிரித்தார். எனக்கு அந்தக் கற்களே போதும். செத்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்திருக்கிறார்கள், உள்ளே பலகைக் கல்லால் பெட்டி மாதிரி அறை கட்டி அந்தக் கல்லில் வட்டமாக ஒரு துளையும் விட்டிருக்கிறார்கள், இடுதுளை என்று அதற்குப் பெயர் என்று சௌமியா சொன்னார். எதற்காக விட்டார்கள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். ஒரே ஒரு சிக்கல், வண்டி ஓட்ட உன் சித்தப்பா வரமாட்டேன் என்கிறார். அவர் இல்லாமல் இந்தப் பயணம் போக எனக்கு மனமில்லை. அவர் ஏன் மறுக்கிறார் என்று சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

கல்லறைத் திருநாள் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், ஆரோக்கியம் அம்மா இறந்துபோனார். அப்பாவின் கல்லறைக்கு அடுத்த கல்லறைக்குத் திங்கட்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தியோடு வருவாரே, கூன் விழுந்த அம்மா, நான் வீடியோவில் உனக்குக் காட்டியிருக்கிறேன். கொரோனாவில் அப்பா போன அதே நாளில் போனவர் அவருடைய கணவர் சூசை. நம் பங்கு வழக்கம் உனக்குத் தெரியும், வருஷங்கள் கழிந்துவிட்டால் புருஷன் குழியைத் திறந்து அதிலேயே மனைவியை வைப்பார்கள். அவர் மகன் மார்ட்டின், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், அம்மாவின் ஆசை அதுதான் என்று சொல்ல, குழி வெட்டும் சுப்பையன் அதைத் திறந்திருக்கிறார். திறந்தவர் மேலே ஏறி வந்து, ஏனுங்க மார்ட்டின், உங்கப்பாவுக்குக் கால்ல தகடு கிகடு வெச்சிருந்துச்சுங்களா என்று கேட்டாராம். எங்கப்பா ஆயுசுல ஒரு ஊசிகூடப் போட்டதில்லையே என்றிருக்கிறார் மார்ட்டின். அடுத்த குழி நம்முடையது என்பதால் பங்குச்சாமியார் எனக்குப் போன் செய்தார். பள்ளியிலிருந்து அப்படியே போனேன்.

நான் அதைப் பார்த்தேன் ஜெனி. மறைக்க மாட்டேன். லாரி கவிழ்ந்து அப்பாவின் வலது காலில் தகடு வைத்தது நீ நான்காவது படிக்கும்போது. மழைக்காலம் வந்தால் குளிர் அந்த இரும்பில்தான் முதலில் இறங்குகிறது என்பார், நான் தைலம் தேய்ப்பேன், தோலுக்கடியில் திருகாணிகள் முட்டுவது என் விரலுக்கு மனப்பாடம். மண் அப்பியிருந்தாலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு வருஷமாக நாம் பூப்போட்டு, கிரானைட் கல் பதித்து, பெயர் பொறித்த இடத்தில் உன் அப்பா இல்லை. அடுத்த குழியில் இருந்திருக்கிறார்.

எப்படி நடந்தது என்று அங்கேயே நின்று யோசித்ததில் புரிந்துவிட்டது. அன்றைக்கு நானும் நோயோடு வீட்டுக்குள் அடைபட்டிருந்தேன், நீ அங்கே மாட்டிக்கொண்டாய். சித்தப்பா மட்டும்தான் போனார், அவரையும் உள்ளே விடவில்லை. உடம்பெல்லாம் மூடிய பையன்கள் தூக்கிப்போக, இவர் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, சுவர் ஓரத்துக் கடைசிக் குழி என்று மனதில் குறித்துக்கொண்டார். அப்போது அதுதான் கடைசி. அன்று சாயங்காலமே அதற்கும் சுவருக்கும் நடுவில் இன்னொரு குழி வெட்டிச் சூசையை வைத்திருக்கிறார்கள். நான் பல நாள் கழித்துப் போனபோது சித்தப்பா நேராகப் போய்ச் சுவர் ஓரத்துக் கடைசி மேட்டைக் காட்டினார். ஆரோக்கியம் அம்மாவுக்கு உன் அப்பா அமிர்தசாமிக்குப் பக்கத்துக் குழி என்று யாரோ சொல்ல, அவர் மீதி இருந்ததில் உட்கார்ந்துவிட்டார்.

உன் கல்யாணக் கவலை, வீட்டுக்கூரை ஒழுகுவது, உன் அத்தையோடு நான் போட்ட சண்டை, அவ்வளவையும் நான் சூசை அய்யாவிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பின் தெரியாத மனிதர், பொறுமையாகக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவின் மூட்டுவலியையும் மருமகள் பேச்சையும் உன் அப்பா கேட்டிருப்பார். இதை நினைத்து ஒருநாள் அடுப்படியில் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ஆரோக்கியம் அம்மாவின் பெட்டி கோவிலில் காத்திருந்தது. சூசை அய்யா இருந்தது நம் கல்லுக்கடியில், மார்ட்டின் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். சாமியார், வேறு இடத்திலும் வைக்கலாம், உங்களை வற்புறுத்தவில்லை என்றார். கல்லை எடுங்க என்று நானே சொன்னேன். கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அப்பா பெயர் இருந்த கல்லைச் சுப்பையன் சுவரில் சாய்த்தார், எழுத்து எனக்குத் தெரியக்கூடாது என்று திருப்பி வைத்தார். ஆரோக்கியம் அம்மா புருஷனிடம் போய்ச் சேர்ந்தார், அப்பாவின் குழியைத் திரும்ப மூடினார்கள். அப்போதுதான் சித்தப்பா வந்தார். திருப்பி வைத்த கல்லைப் பார்த்தார், புது மண்ணைப் பார்த்தார், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரோ ஒருத்தர் காலடியில இத்தன வருசம் உங்கள உக்கார வெச்சிட்டனே அண்ணி என்றார். அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை. ஞாயிறு பூசைக்கும் வருவதில்லை. கல்யாணம் கட்டாத மனிதர், அப்பா இருந்தபோதும் போனபிறகும் நம் வீட்டுச் சோறுதான், இப்போது தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினால் கழுவித் திருப்பி அனுப்புகிறார், சாப்பிட்டாரா கொட்டினாரா தெரியவில்லை. கொடுமணல் போக வண்டி வேண்டும், ஜெனி ஆசைப்படுகிறாள் என்று அவர் இருக்கும் லாரி ஷெட்டுக்கே போய்க் கேட்டேன். நான் கைகாட்டற எடமெல்லாம் தப்பாத்தான் இருக்கும் அண்ணி, ஆக்டிங் டிரைவர் பாத்து அனுப்பறனுங்க என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போய்விட்டார். கல்லை எடுத்துச் சரியான இடத்தில் பதிக்கலாமே, நீங்கள் நின்று செய்யுங்கள் என்றேன். இன்னொரு தடவை நான் எடம் காட்ட மாட்டேன் என்றார்.

முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது, அவர்மேல் இல்லை. கொடுமணலில் எந்தக் காலத்திலோ செத்தவர்களைச் சுற்றிக் கல் பதித்தவர்கள் ஆற அமரச் செய்திருக்கிறார்கள், இன்றைக்குத் தோண்டுகிறவர்கள் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஊரடங்கு இல்லை. எங்களுக்கு ஒரு கைப்பிடி மண் போட விடவில்லை. உன் அப்பாவை அடையாளம் சொன்னது ஒரு ஆஸ்பத்திரித் தகடு. சரியான இடம் தெரிந்த பிறகு இரண்டு முறை போனேன், நின்றேன், செபம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. புது இடத்துக்கு விருந்து போனவள் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஒன்று சொல்வேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அப்பா அடக்கம் நடந்த அன்று நீ சித்தப்பாவுக்குப் போன் செய்து, கூடப் பொறந்தவரு கேட்டுக்கு வெளியே வேடிக்கை பாத்துட்டு வந்தீங்களா என்று கத்தினாயாம். அவர் இதுவரை சொன்னதில்லை, ஷெட்டில் அன்றுதான் வாய் தவறி வந்தது, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு, அந்த வயதில் அவ்வளவு தூரத்தில் தனியாக அழுத பிள்ளை வேறு என்ன பேசும். ஆனால் அன்று போனது அவர் ஒருவர்தான். அந்த வாரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது போய் நின்றவர். கேட்டுக்கு வெளியே நின்று அந்தச் சுவரையும் குழியையும் கண்ணால் பிடித்துக்கொண்டு வந்ததுதான் அவரால் முடிந்தது, அதுவும் பொய்யாய்ப் போய்விட்டது. நான் என்ன சொன்னாலும் அண்ணி பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீ சொன்னால் வேறு.

மாதா உன்னைப் போர்த்திக் காக்கட்டும், உன் கை வேலையும் கால் வழியும் நல்லதாகட்டும், நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். மறக்காமல் இதைச் செய், இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் சித்தப்பாவுக்குப் போன் போடு. சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம், கல்லறைப் பேச்சையே எடுக்க வேண்டாம். கொடுமணலுக்கு நீங்க ஓட்டினாத்தான் வருவேன் சித்தப்பா, ஆக்டிங் டிரைவர் வேண்டாம் என்று மட்டும் சொல். முதல் தடவை எடுக்க மாட்டார், மறுபடி அடி. சாயங்காலம் இருட்டிய பிறகு ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் அந்த அறையில்தான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார், உன் பெயர் வெளிச்சமாக வந்தால் கண்ணில் படாமல் போகாது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ஜோஸ்லின் அமிர்தசாமி