பிரித்துப்போட்ட ஸ்வெட்டர்

என் செல்ல மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உன் வாயாலேயே கேட்டுவிட்டதால் நலம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் குனிந்து பாரம் தூக்க வேண்டாம் என்று சொல், முதுகு விஷயத்தில் வீராப்பு கூடாது. அன்றைக்குப் பேசும்போது பக்கத்தில் யாரோ இருமினார்களே, யாரும்மா அது என்று கேட்டாய், ரேடியோ என்று சொல்லிவிட்டேன். ரேடியோ இல்லை, நம் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாயோ என்று கொஞ்ச நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொன்னால் நீ பேசாமல் இருக்கும் அந்த ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியாது, அதனால்தான் கடிதம். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

போன வருஷம் மழை சமயத்தில் நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன் அல்லவா, அதில் பாதியைத்தான் சொன்னேன். உள்ளே நான் வேர்த்து ஊற்றி, இன்றோடு நம் கதை முடிந்தது என்று நிற்கிறேன், வெளியே இவர் நிதானமாக, கரண்ட் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை, நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள் என்கிறார். நானும் சலவைக் கடைக் கதை, உன் கதை, சட்டைப் பையில் வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போகும் சாமான்களின் கதை என்று வாய் ஓயாமல் பேசினேன். கதவு திறந்து பார்த்தால் மனுஷர் படியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார். கையெல்லாம் கிரீஸ், மடியில் மஞ்சள் கம்பளி நூல். வந்த கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வேலையே பாதி நேரம் காத்திருப்பதுதானாம். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாராம், இவருக்கு ஒரு வரிசை நேராக வருவதற்குள் மனைவி கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பின்னுவதை எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிடுவார், யார் போட்டுக்கொள்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டீ குடிக்க வருவார், நான் இஸ்திரி போடுவேன், அவர் பின்னுவார், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது அவருக்குப் பிறந்தநாள் வந்தது. பின்னல் பைத்தியம் பிடித்த ஒருவருக்கு என்னத்தைக் கொடுப்பது, நீயே சொல். நூல் வாங்கலாம் என்று போனால் கடைக்காரப் பெண் எத்தனை கனம், எந்த ஊசிக்கு, என்ன பின்னப்போகிறார் என்று குறுக்கு விசாரணை செய்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். ஊசி வாங்கலாம் என்றால் அவர் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் தேய்த்துத் தானே செய்துகொள்கிறார், கடை ஊசியைக் கையால் தொடமாட்டார். பை ஒன்று வாங்கலாம் என்றால் டூல்ஸ் பைக்குள் ஸ்க்ரூடிரைவரோடு படுத்தால்தான் அவர் ஊசிக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது. கடைசியில்தான் கவனித்தேன், ஊருக்கெல்லாம் பின்னுகிறவர் போட்டிருப்பது முழங்கையில் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட பழைய ஸ்வெட்டர். சரி, பாவம், நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். சலவைக் கடையில் இத்தனை வருஷம் கம்பளியைத் தொட்டுத் தொட்டே எது அசல் எது கலப்பு என்று எனக்கு விரல் சொல்லிவிடும், உனக்குத் தெரியும். சாம்பல் கலந்த நீலத்தில் அசல் கம்பளியாக ஒன்று எடுத்தேன். கூட வந்த உன் அத்தை யாருக்கு என்று கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்றேன். தம்பி பெண்டாட்டி இப்படிச் சொல்கிறாளே என்று அவள் கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஸ்வெட்டர் கைக்குள் தன் கையை விட்டுப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்கோ என்றாள்.

கொடுத்தேன். அவர் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார், தையலைப் பார்த்தார், ஓரத்தில் ஒரு இழையை நிமிண்டிப் பார்த்தார், நல்ல நூல் நல்ல நூல் என்று அதையே சொல்லிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அவரிடம் வாங்கியிருந்த குடையைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனால் என் ஸ்வெட்டரைக் காணோம். ஜன்னலில் நீல நூல் கத்தை கத்தையாக ஈரம் சொட்டத் தொங்குகிறது, சுருக்கம் போக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பானரைக் கட்டிவிட்டிருக்கிறார். முழுசையும் பிரித்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பிடிக்கவில்லை என்றால் கடையில் மாற்றியிருக்கலாமே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டேன். அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் பேச்சே இல்லை. லிஃப்டில் எதிரே வந்துவிடுவாரோ என்று படியிலேயே ஏறி இறங்கினேன், முட்டிவலி எப்படி வந்தது என்று கேட்டாயே, இப்படித்தான்.

போன மாதம் ஒருநாள் சலவைக் கடையில் நல்ல கூட்டம். வரிசையில் இவரும் நின்று, தன் முறை வந்ததும் ஒரு பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தார். நான் முகத்தைப் பார்க்காமல், கை பழக்கத்தில் நம்பர் துண்டைக் குத்தப் போனேன். பிரித்தால் உள்ளே எனக்கு ஒரு ஸ்வெட்டர், முன்பக்கம் பொத்தான் வைத்து, அதே நீலம். "நீங்க குடுத்ததுல நூல் ரொம்பப் பிடிச்சுது. யாரு போட்டுக்கப்போறாங்கன்னு தெரிஞ்சு நான் பின்னினது இதுதான் முதல் தடவை" என்றார். பின்னால் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அங்கேயே போட்டுப் பார்த்தேன், கை நீளம் கச்சிதம். அளவே எடுக்கவில்லையே என்றதற்கு, இஸ்திரி போடும்போது பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்றார். இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது, சிரிக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். உன் அத்தை சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். உன் அப்பாவை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். கூடத்தில் அவர் படம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதை முதலில் சொன்னது இவர்தான். ஆனால் ஏழு வருஷமாகத் தனியாகச் சாப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டது, பாப்பா. இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்பதை உன்னிடம் மறைப்பதுதான் இப்போது எனக்கிருக்கும் ஒரே கஷ்டம். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, ஆனால் நீ மனசில்லாமல் சரி என்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும், அப்புறம் எந்தச் சந்தோஷமும் எனக்கு ஒட்டாது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சண்டை போட்டாலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து இவர் உன் அளவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் தரவில்லை, அவளிடமிருந்து வந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உனக்கு வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. தோள் அகலமும் கை நீளமும் மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு, நான் புரிந்துகொள்வேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா