கமலத்தின் காடைகள் இப்போது என் அடுப்படியில்

வாய்க்காரி ஆனாலும் என் உயிரான கமலத்துக்கு,

உன் அண்ணன் பொண்டாட்டி எழுதுகிறேன். தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நீ போனபிறகு அந்தப் பக்கம் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. உன் காடைகள் என் அடுப்படியில் இருக்கின்றன. எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தரம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன், அசைகின்றனவா என்று.

உன் கருமாதி முடிந்த கையோடு உன் மகன் கூண்டைத் தூக்கப் பார்த்தான். "அத்தை, ஹட்டன்ல ஒரு கடைக்காரரு கறிக்குக் கேக்கிறாரு. வெறும் வீட்ல இதுகள யாரு பாக்கிறது?" என்றான்.

"வையிடா கீழே. நான் பாக்கிறேன்."

"நீங்களா? அம்மா என்ன சொல்லும்னு தெரியும்ல?" சிரிக்கிறான்!

தெரியாமலா? குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நீ சொன்னாயே: "எங்க மதினி கையில குஞ்சு பொழைக்காது. அவங்களக் கண்டா அடைக்கோழியே எந்திரிச்சு ஓடிரும்." யார் வாய்விட்டுச் சிரித்தாள், யார் முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள் என்றுகூட எனக்கு மறக்கவில்லை. அந்த வார்த்தையைப் பொய்யாக்கத்தான் கூண்டை அவனிடமிருந்து வாங்கினேன். பாசத்தில் வாங்கினேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் கூண்டு எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. லயத்தில் நாம்தான் குனிந்தே நுழைகிறோம், பறவைக்குமா இந்தக் கூன் வாழ்க்கை? என் பழைய கோழிக்கூட்டில் விட்டேன். நல்ல உயரம், மேலே தகரம். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை ஏறி உட்காரக் குறுக்கே கட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. தரையிலேயே ஒட்டிக்கிடந்தன. புது வீடு, பழகிக்கொள்ளும் என்றிருந்தேன்.

ஒரு மத்தியானம் பூனை தகரத்தில் குதித்தது. கோழியென்றால் மூலைக்கு ஓடும். இதுகள் நெட்டுக்குத்தாக மேலே எழும்பின. டம் டம் என்று மண்டை தகரத்தில் மோதியது. நான் கதவைத் திறப்பதற்குள் அந்த வெளுத்த பெட்டை விழுந்து கிடந்தது. கையில் எடுத்தேன். சூடு இருந்தது, கழுத்து நிற்கவில்லை.

உன் வார்த்தைதான் காதில் அடித்தது. செத்தும் ஜெயிப்பாயா நீ?

இரு, ஏதோ சத்தம்.

ஒன்றுமில்லை, காடைச் சேவல் கூண்டில் போட்ட சாம்பலில் புரள்கிறது.

அன்றைக்கே உன் கூண்டை இழுத்துவந்து, உன்னைப்போலவே குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். மேல்பக்கம் சுற்றிலும் ஆணிகள். ஒவ்வொன்றிலும் சாக்கு நார் தொங்கியது. "அழுக்குச் சாக்கு ஒண்ணு கட்டியிருந்திச்சு. நான்தான் பிச்செறிஞ்சேன்" என்றான் உன் மகன். தலைக்கு மெத்தை கட்டியிருக்கிறாய், பாவி! சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பேசாமல் இருந்தது நீயா, நானா?

நீ கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு, அந்தத் தடித்த சாக்குத் துணி, உன் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. கத்தியை எடுத்தேன்.

"அத்தை! அது அம்மா படங்கு!"

"தெரியும்டா. வேற யாரோடதும் இதுகளுக்கு வேணாம்."

வெட்டி, கூண்டுக்கு மேலே விறைப்பில்லாமல் தொய்வாகக் கட்டினேன். நேற்று நாய் குரைத்தபோது மிச்சமிருக்கிற நாலும் எழும்பின. பொத்தென்று படங்கில் முட்டி விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் தவிடு கொத்தின. நான்தான் ஒவ்வொன்றின் கழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மஸ்கெலியாப் பக்கமிருந்து மூட்டம் ஏறுகிறது. இதுகளுக்குக் குளிராமல் இருக்க அடுப்பில் தணல் போதுமா? மறுபடி எழுந்துபோகத்தான் வேண்டும்.

கமலம், நான் உன்னை மன்னிக்கவில்லை. குழாயடியில் சொன்னதை நீயே வந்து திரும்ப வாங்கிக்கொள். அதுவரைக்கும் இந்த நாலையும் சாகவிட மாட்டேன். இது சத்தியம்.

குஞ்சு பிழைக்காத கையால் எழுதும்
உன் மதினி,
ராக்கம்மா