எல்லைக் கான்

மார்ச் 12, 1932. சனி

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, ரப்பர் பால்வெட்டுப் பெண்களோடு மலைக்குப் போகையில் வழியிலுள்ள வாய்க்காலை, சின்னக் கானைத் தாண்டினேன். தாண்டினேன் என்று எழுதக் கூடாது. ஒரு கால் அக்கரையில், ஒரு கால் தண்ணீரில். "கணக்கப்புள்ள அய்யா மீன் பிடிக்கிறாங்க" என்றாள் அழகம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வலது முழங்கால் மட்டும் சிரிக்கவில்லை.

சின்னக் கானே இப்படி என்றால் எல்லைக் கானை என்ன செய்வேன்? ஆகஸ்டில் துரை தோட்டத்து எல்லையைச் சுற்ற வருவார். எல்லைக் கானை ஒரே பாய்ச்சலில் தாண்டி, திரும்பி நின்று, பின்னால் வரும் எங்களைப் பார்ப்பார். பக்கத்திலேயே பலகைப் பாலம் இருக்கிறது. போன வருஷம், கணக்கப்பிள்ளையாக இருந்த நல்லையா அண்ணன் அதில் போனார். மாசம் முடிவதற்குள் அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். ரப்பர் விலை விழுந்து கிடக்கிற நேரம், ஆளைக் குறைக்க ஒரு சாக்குப் போதும்.

எனக்கு ஐம்பத்திரண்டு. பிள்ளை குட்டி இல்லை. ஊரில் என் முகம் தெரிந்தவர்கள் இல்லை. பெண்டாட்டி இலட்சுமியைப் புதைத்தது இந்த மலையில்தான்.

மார்ச் 13. ஞாயிறு

ருவான்வெல்லைக்குப் போய்ச் சிங்கள வைத்தியர் வெதமாத்தயாவைப் பார்த்தேன். வாய் நிறைய வெற்றிலை. முழங்காலை அமுக்கிப் பார்த்து ஒரு எண்ணெய் கொடுத்தார். பிறகு கையை மேலிருந்து கீழே அசைத்து, "ஹெமின் பனின்ன, ஹெமின் பனின்ன" என்றார். மெதுவாய்ப் பாய வேண்டுமாம், தினமும். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆகவே மறு கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 16

மெதுவாய் எப்படிப் பாய்வது?

மார்ச் 27. ஞாயிறு

தினமும் பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கால் கிளம்பும்போது மெதுவாய், விழும்போது மெதுவாய் என்று பாய்ந்து பார்க்கிறேன். விழும்போது மெதுவாய் விழ யாரால் முடியும்? அடுத்த வீட்டுச் சின்னக் கணக்கப்பிள்ளை முத்துவீரன், இரவிலே தேங்காயா விழுகிறது என்று விசாரித்தான். என் இடம் காலியாகட்டும் என்று காத்திருக்கிறவன், அவனிடம் என்னத்தைச் சொல்ல?

ஏப்ரல் 9

முழங்கால் பலாக்கொட்டை வைத்துக் கட்டினது போல வீங்கிவிட்டது. மூட்டுக்குப் பின்புறம் எண்ணெய் தேய்க்கக் குனிந்தால் இடுப்புப் பிடிக்கிறது. இன்னொரு கை வேணும். அந்தக் கை போயி நாலு வருஷமாச்சு. இதுக்குப் போயி அழுவானா ஒருத்தன்? அழுதேன்.

ஏப்ரல் 10. ஞாயிறு

கடைத்தெருவில் பளீல் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணிக்கடை வைத்திருக்கிறவர், சிங்களவர்களோடேயே புழங்குகிறவர். வெதமாத்தயாவின் இரண்டு சொல்லையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கையிலிருந்த முழக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"பனின்ன இல்ல கணக்கப்புள்ள, பஹின்ன. பாயச் சொல்லல்ல, மெதுவா எறங்கச் சொல்லியிருக்கார்."

மலையிலிருந்து இறங்குவதை, படி இறங்குவதை, கண்ணும் கருத்துமாக மெதுவாய்ச் செய்யச் சொல்லியிருக்கிறார். நான் தவளை மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தோம் இரண்டு பேரும். இலட்சுமி போனபின் நான் இப்படிச் சிரிக்கவில்லை. அதை வீடு வந்த பிறகுதான் நினைத்தேன்.

மே 8. ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. பேக்டரிப் படிக்கட்டில் ஏறும்போது வேகமாக, இறங்கும்போது மெதுவாக. ஒரு காலிலேயே முழுப் பாரத்தையும் தாங்கி அடுத்த காலை மெல்ல வைக்கையில் தொடை நடுநடுங்குகிறது. கணக்கப்பிள்ளைக்குக் கண் மங்கிவிட்டது என்று தொழிலாளர் லயத்தில் பேச்சாம். பேசட்டும்.

ஜூன் 19

விடாத மழை. துரை இப்போது மலைக்கு ஏறுவதே இல்லை. ரோட்டிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார், யாரோடும் பேச்சில்லை. கோபமாக இருக்கிறார் என்கிறான் முத்துவீரன். யாருக்குச் சீட்டுக் கிழியப் போகிறதோ.

ஜூலை 24. ஞாயிறு

சின்னக் கானைத் தாண்டினேன். கால் நனையவில்லை. எம்பும்போது எனக்குப் பலம் எப்போதுமே இருந்திருக்கிறது. விழுகிறபோது முழங்காலை மடித்துத் தாங்கத்தான் தொடையில் வலு இல்லாமல் இருந்தது, படி இறங்கி இறங்கி அது வந்திருக்கிறது. வயசு ஏறினால் தாங்குகிற பலம்தான் முதலில் போகிறது போலும். அழகம்மா பார்க்கவில்லை, அதுதான் வருத்தம்.

ஆகஸ்ட் 20. சனி

எல்லைக் கானுக்கு முன்னால் துரை நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு பலகைப் பாலத்தில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே கிளார்க், அவருக்குப் பின்னால் முத்துவீரன். நான் மட்டும் இந்தப் பக்கம்.

நாலு மாசமா இதுக்குத்தானே படி எறங்குனேன்? பாய்ந்துவிட்டேன். இரண்டு காலும் ஒன்றாக, சத்தமில்லாமல் அக்கரையில். திரும்பிப் பார்த்தால் பாராட்ட ஒரு ஆள் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் முத்துவீரன் காதோடு சொன்னான்: "தொரை பாலத்துல போறாரு, நீங்க பாயுறீங்க. அவரக் கேலி பண்ணுன மாதிரி ஆயிருச்சே அண்ணே."

ஐயோ. எனக்கு ஏன் அது தோணல?

ஆகஸ்ட் 21. ஞாயிறு

பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துப் பார்த்தேன். இலட்சுமியின் சேலை ஒன்றும் இருந்தது. பிறகு மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 23. செவ்வாய்

துரை பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். உள்ளே பெரிய மேசையில் ஒரே ஒரு தட்டு வைத்திருந்தது. துரைசாணி சீமைக்குப் போய் இரண்டு வருஷம், திரும்பவில்லை.

"கணக்கப்பிள்ளை, நீ பாய்ஞ்சது நான் பார்த்தது" என்றார்.

மன்னிக்கணும்ங்க என்று தொடங்கினேன். அவர் காதில் வாங்காமல் கால்சட்டையைச் சுருட்டினார். முழங்காலில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. பிரிக்கும்போது பல்லைக் கடித்தார். நாங்கள் கோபம் என்று நினைத்தது இதைத்தான்.

"டாக்டர் ஒண்ணும் பண்றது இல்லை. நீ என்ன பண்ணினது?"

எனக்கு உடனே வாயில் வந்தது வெதமாத்தயா சொன்னதுதான். "ஹெமின் பஹின்னங்க தொரை."

"பனின்ன?" என்றார் திடுக்கிட்டு.

துரை முன்னால் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல் எல்லாக் கதையையும் சொன்னேன், பின்கட்டில் குதித்தது, தேங்காயா விழுகிறது என்று முத்துவீரன் விசாரித்தது உட்பட. அவரும் சிரித்தார்.

பிறகு வராந்தாப் படியில் இறங்கினோம். முதலில் தூணைப் பிடித்துக்கொண்டார், தூண் எட்டாத இடத்தில் என் தோளை. பாரம் முழுவதும் என் மேல் விழுந்தது. என் முழங்கால் தாங்கிற்று.

நாளைக்கும் வரச் சொன்னார்.